அண்ணை, பந்தைத் தாங்கோ

1

ஊரில் இருக்கிறவர்களுக்கு முதலில் ஒரு விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவிஸில் இருக்கிற பெண்கள் எல்லாரும் போனில் நாடகம்தான் பார்க்கிறோம் என்று நினைக்காதீர்கள். நான் உதைபந்து, அதுதான் எங்கள் பந்தடி, பார்க்கிறவள். பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை முறை வந்தால், மெசினுக்குள் விரிப்புகளைத் தள்ளிவிட்டு, சவர்க்காரத்தூள் வாளியின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, எங்கள் தீவின் மடத்துவெளிப் பொடியளின் ஆட்டத்தை நேரடியாகப் பார்ப்பேன். யாரோ ஒரு பொடியன் மதிலில் ஏறியிருந்து பிடித்து அனுப்புகிற படம் அது. பாதி நேரம் அவனுடைய பெருவிரல்தான் தெரியும். மிச்ச நேரம் பந்தைத் தேடவேண்டும். அதற்காக நான் சும்மா இருந்துவிடுவேனா? கத்துவேன். "டேய், கண் தெரியேல்லையாடா உனக்கு?" என்று ஒருநாள் மத்தியஸ்தரைப் பார்த்துக் கத்திய கத்தலில், பக்கத்து அறையில் இஸ்திரிப் பெட்டியால் சட்டை மினுக்கிக்கொண்டிருந்த போர்த்துக்கல்காரி யாருக்கோ மாரடைப்பு என்று ஓடிவந்தாள். பந்தடி என்றதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளும் என்னோடு இருந்துவிட்டாள்.

இந்த விசர் சின்ன வயதிலேயே பிடித்தது. என் அண்ணை சிவநேசன் மடத்துவெளி அணியில், ஊர் வாயில் 'ரீமில்', நடு பெக், கோலுக்கு முன்னால் நின்று மறிக்கிற ஆள். அந்தக் காலத்தில் பெட்டையள் மைதானத்துக்குப் போவதில்லை. கிடுகு வேலியில் நாய் புகுந்து போட்ட பொட்டு ஒன்று இருந்தது. அதற்குள்ளால் தலையை நீட்டிக்கொண்டு நான் எல்லா ஆட்டமும் பார்த்துவிடுவேன். பிறகு சண்டை வந்து தீவே இடம்பெயர்ந்தது. மைதானத்தில் எருக்கலை முளைத்தது. நான் வந்து சேர்ந்த இடம் இது. சனம் திரும்பிப் போகலாம் என்று விட்டபோது அண்ணையும் போனார். வீட்டுக்குக் கூரை போடமுதல் மைதானத்தில் கோல் கம்பம் நட்ட ஆள். இப்போது ரீமுக்குப் பயிற்சி கொடுக்கிறதும் அவர்தான்.

போன கோடை விடுமுறைக்கு நாங்கள் ஊருக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் போன் எடுத்தார்.

"தங்கச்சி, வரேக்கை நிலவன்ரை பூட்ஸையும் கொண்டு வா."

"ஏன் அண்ணை?"

"லீக் தொடங்க முன்னம் நயினாதீவோடை ஒரு சிநேகபூர்வ ஆட்டம் வைச்சிருக்கிறம். ரெண்டு பொடியள் கொழும்புக்கு வேலைக்குப் போட்டாங்கள். ஒருத்தன் பைக்கிலை விழுந்து காலை முறிச்சுப்போட்டான். பதினொண்டு முட்டுதில்லை."

நிலவன் என் மகன். பத்தொன்பது வயது. இங்கே எங்கள் ஊர்க் கழகத்தில் வலப்பக்க முன்வரிசையில் விளையாடுகிறான். லீக் ஆட்டம் என்றால் அவனை அங்கே இறக்க முடியாது. பதிவு வேண்டும், பதிவுக்கு இலங்கை அடையாள அட்டை வேண்டும், அவனிடம் இருப்பது சிவப்பு நிறக் கடவுச்சீட்டு. சிநேகபூர்வ ஆட்டத்துக்கு அதொன்றும் தேவையில்லை. பூட்ஸ் இருந்தால் காணும். என் பிள்ளை என் ரீமின் சட்டையைப் போடக்கூடிய ஒரே ஆட்டம் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. போனை வைத்துவிட்டு அவனுடைய அறைக்கு ஓடினேன்.

அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை.

"வருவேன் அம்மா. விளையாடுவேன். ஆனால் இதுதான் கடைசி முறை. வாற வருசம் நான் நண்பர்களோடு ஸ்பெயினுக்குப் போறேன். பிறகு ஊருக்கு நீங்களும் அப்பாவும் போங்கோ."

கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டை பிடித்து அழுது முடித்திருப்போம். அவன் சமாதானமாக, என் தோளில் கைவைத்துச் சொன்னான். அதுதான் பயமாயிருந்தது. இந்த முறை அங்கே ஏதாவது ஒன்று அவனைப் பிடித்து வைக்காவிட்டால், இனி அவனுக்கு மாமா என்பது போனில் தெரிகிற ஒரு நரைத்த தலை. நான் அவனுடைய பூட்ஸை இரண்டு பொலித்தீன் பையில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்தேன்.

2

இடையில் இந்தக் கதையையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அங்கே நடந்தது விளங்காது.

வந்த புதிதில் என்னை வதைத்தது 'சீ' என்ற சொல். ஜெர்மன் பேச்சில் ஒருமைக்கு 'டூ', மரியாதைக்கு 'சீ'. நீங்களே சொல்லுங்கள், எனக்கு வேலை தந்த மேலாளர் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்து நான் எப்படிச் 'சீ' என்பது? வாய் வரவில்லை. 'டூ' என்றுதான் வந்தது. பாவம் மனுசி, பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் அவளுடைய நாய் சலவை அறைக்குள் வந்து ஈரக்காலால் வெள்ளை விரிப்பை மிதித்தது. "சீ! சீ!" என்று கலைத்தேன். முதலாளிக்கு நீ, நாய்க்கு நீங்கள். அந்தப் பகிடி இல்லத்தில் இன்றைக்கும் ஓடுகிறது. பேர்ண் கிழவர்களின் பேச்சில் மரியாதைக்கு 'ஈர்' என்று இன்னொரு சொல் இருப்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். காதுக்கு எங்கள் 'நீர்' மாதிரியே கிடந்தது. அன்றிலிருந்து கிழவர்களோடு எனக்கு நல்ல ஒட்டு.

குடியுரிமைக்கு நேர்முகம் வைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்த ஊரில் உங்களுக்கு யாரையெல்லாம் தெரியும் என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் பயத்தில் மறந்துபோயிற்று. எனக்கு வந்தது நிலவனுடைய சிறுவர் ரீம்தான். கோல் காக்கிற கோலியில் தொடங்கி, பெக், நடு, முன்வரிசை என்று இடத்தோடு பெயர் சொல்லி, யாருக்கு இடக்கால் நல்லது என்பதையும் சொன்னேன். எல்லா ஆட்டத்துக்கும் தோடம்பழம் வெட்டிக்கொண்டு போனவள் நான். மூவரில் ஒருவர், "மாற்றுக் கோலி என் பேரன், அவனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்றார். "டூ, அவனுக்கு உயரப் பந்து சரிவராது" என்றேன். சிரித்துக் கையெழுத்து வைத்தார்கள்.

சரி, நிலவனுடைய தமிழுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு மரியாதை பழக்குவதென்றால், பிள்ளைகளோடு மரியாதையாகக் கதைப்பார்கள். 'வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ'. ஊரில் அதனால் ஒரு பிழையும் வராது. வீட்டுக்குள் 'வாங்கோ' கேட்ட பிள்ளை படலையைத் தாண்டியதும் நூறு 'வாடா' கேட்கும். இங்கே படலைக்கு வெளியே ஜெர்மன் அல்லவா? அதனால் என் பிள்ளையின் தமிழ் முழுக்க 'ங்கோ'. பூனையையும் "இஞ்சை வாங்கோ" என்றுதான் கூப்பிடுவான். வீட்டில் நிற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனைப் பார்த்துப் போடுகிற 'டேய்' எல்லாம் அவன் காதில் விழுந்ததுதான். ஆனால் அது கூடாத சொல் என்று நானே சொல்லி வைத்திருந்தேன்.

என் பிள்ளையை 'டேய்' என்று கூப்பிட இந்த நாட்டில் ஒரு ஆள் இல்லை. தகப்பன் 'அப்பன்' என்பார். கோயிலில் காணுகிற பெரியவர்கள் "தம்பி, என்ன படிக்கிறீங்கள்?" என்பார்கள். கூட்டாளிகளோடு கதைக்கிறது ஜெர்மன். யாரையாவது 'டேய்' என்பதென்றால் அவனோடு மண்ணில் புரண்டிருக்க வேண்டும், சண்டை பிடித்திருக்க வேண்டும். 'ங்கோ' போட்டு விருந்தாளியோடுதான் கதைக்கலாம். இதை நினைத்துச் சலவை அறையில் நான் அழுதும் இருக்கிறேன். போர்த்துக்கல்காரிக்கு இதை ஜெர்மனில் விளங்கப்படுத்த வெளிக்கிட்டு, தோற்றுப்போய், வெங்காயம் என்று சொல்லிவிட்டேன். சலவை அறையில் வெங்காயம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை.

3

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் நிலவனும்தான் போனோம்.

மடத்துவெளிப் பொடியள் அவனைத் தங்கத்தட்டில் வைத்துத் தாங்கினார்கள். பயிற்சி முடிந்ததும் எல்லாரும் நிலத்தில் இருக்க, அவனுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் கதிரை வந்தது. எல்லாருக்கும் ஒரு போத்தல் தண்ணீர் கைமாற, அவனுக்குத் தனியாக மூடி திறக்காத சோடா. "நிலவன் தம்பி, களைச்சுப் போனீங்களோ?" என்று கப்டன் கஜன் கேட்பான். கஜனுக்கு இருபத்துநாலு வயது, கடற்தொழில், தோள் இரண்டும் தேக்குமரம். அவன் வேறு யாரையும் 'தம்பி' என்றோ 'நீங்கள்' என்றோ கூப்பிட்டதை நான் கேட்கவில்லை.

என் மகன் சும்மா இருந்தானா? பந்து கஜனின் காலில் இருக்கும். இவன் வலப்பக்கத்தில் வெறுமையாக நிற்பான். நின்று, "கஜன் அண்ணை, பந்தை எனக்குத் தாங்கோ" என்பான். மற்றவர்கள் "டேய் விடடா" என்று முடித்துவிடுகிற இடத்தில், இவன் 'தாங்கோ' வரைக்கும் போய்ச் சேருவதற்குள் பந்து மூன்று பேரைக் கடந்துவிடும். யாரையாவது இடித்தால் ஓடுவதை நிறுத்திவிட்டு "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்பான். இரண்டாம் நாளே பொடியள் அவனுக்குத் 'தாங்கோ' என்று பட்டம் வைத்துவிட்டார்கள். மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, எனக்குச் சொன்னா. ஆனால் அந்தப் பட்டத்தை ஒருவனும் அவன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. ஊரில் பட்டத்தை முகத்துக்கு நேரே சொல்லாவிட்டால் அவன் வேற்றாள் என்றுதான் அர்த்தம்.

அன்று பின்னேரம் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே கேட்டான்.

"அம்மா, ஏன் இவர்கள் என்னைத் தொடுவதில்லை?"

"என்ன தொடுறேல்லை?"

"பந்து என்னிடம் வந்தால் எல்லாரும் நிற்கிறார்கள். நான் ஓடுவேன், அடிப்பேன், கை தட்டுவார்கள். ஒருவரும் மறிக்கவில்லை. இது விளையாட்டு இல்லை அம்மா. நான் என்ன, கண்ணாடியா?"

அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அவர் விசிலைக் கழுத்தில் போட்டபடியே தலையைச் சொறிந்தார்.

"வெளிநாட்டுப் பிள்ளை எல்லே. கால் கையிலை பட்டுதெண்டால் மச்சானுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

"அவன் அங்கை கிழமைக்கு ரெண்டு தரம் விழுந்தெழும்புறவன் அண்ணை."

"அது புல்லு. இது கல்லு." அதோடு அவர் கதையை முடித்துவிட்டார்.

4

ஆட்டத்தன்று காலமை குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறினோம். செம்மஞ்சள் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் பதினொரு பேரும் வரிசையாக இருந்த வடிவைப் பார்க்கக் கண் காணாது. பன்னிரண்டாவது ஆள் கிடையாது. ஒருவனுக்கு வயிற்றுக்குத்து வந்தாலும் ஆட்டம் முடிந்தது.

நயினாதீவில் இறங்கினால் முதலில் அம்மன் கோயில்தானே. பொடியள் மேற்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்கள். எங்களுக்குத் திருநீறும் குங்குமமும் தந்தவர் ஒரு இளம் ஐயர். குடுமி, நல்ல உயரம், அகன்ற கை. நான் குனிந்து இரண்டு கையாலும் வாங்கினேன். "ஐயா, இண்டைக்கு மச் பாக்க வருவியளோ?" என்று அண்ணை கேட்டார். அவர் சிரித்தார். "கோலுக்கை நிக்கிறதே நான்தானே." நயினாதீவு ரீமின் கோலியும் கப்டனும் அவர்தானாம். அப்போது அண்ணை அவரைக் கொஞ்சம் அங்கால் கூட்டிக்கொண்டுபோய், "ஐயா, இவர் எங்கடை மருமோன். சுவிஸிலையிருந்து வந்தவர். கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். "ஓம் ஓம், அதுக்கென்ன" என்றார் ஐயர். அம்மனிடம் சொல்லி அருச்சனையில் பார்த்துக்கொள்வார் என்று நான் நினைத்து, கையெடுத்துக் கும்பிட்டும்விட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

தீவுகளுக்கு இடையில் பந்தடி என்றால் ஒரு வழக்கம் இருக்கிறது. மத்தியஸ்தர் விசில் ஊதினாலும் ஆட்டத்தை முடித்துவைப்பது கடைசிப் படகுதான். இறங்குதுறையில் படகுக்காரர் ஹோர்ன் அடித்தால், பந்து எங்கே நின்றாலும் ஆட்டம் சரி. வந்த ரீம் திரும்பிப்போக வேண்டாமா? அதனால் பின்னேரம் வெய்யில் தணியமுதலே தொடங்கிவிட்டார்கள்.

பூவரசு நிழலில் பெண்களும் இருந்தார்கள். நானும் போய் முன்வரிசையில் இருந்தேன். முதல் பத்து நிமிசத்தில் ஒன்றைக் கவனித்தேன். காலையில் நான் கும்பிட்ட ஐயருக்கு அவருடைய சொந்த ரீம் பொடியளே, "டேய் ஐயர், வெளியாலை வாடா! உதிலை என்ன பூசையே நடக்குது?" என்று கத்துகிறார்கள். அவரும், "நீ உன்ரை ஆளைப் பிடியடா, குரங்கே!" என்கிறார். பக்கத்திலிருந்த நயினாதீவு அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னா: "கோட்டுக்குள்ளை போனால் டேய். வெளியிலை வந்தால் ஐயா. பிழையே இல்லை, அவையளுக்குள்ளை அப்பிடித்தான்."

நிலவன் மட்டும் 'ங்கோ'வோடு ஓடிக்கொண்டிருந்தான். பந்து அவனிடம் வந்தது. நயினாதீவு பெக் அவனுக்கு முன்னால் வந்தான், வந்தவன் கோயில் வாசலில் வழிவிடுவது போல ஒதுங்கினான். அடுத்தவனும் ஒதுங்கினான். நிலவன் பந்தோடு நின்றுவிட்டான். திரும்பி இரண்டு பேரையும் பார்த்தான். அவர்கள் சிரித்தார்கள். இவன் பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டான். இரண்டாம் தரமும் அதேதான் நடந்தது. எங்கள் பத்துப் பேரோடு அவர்கள் பதினொருவரும் உருண்டு புரண்டு உண்மையாக ஆடிக்கொண்டிருந்தார்கள். என் மகனைச் சுற்றி மட்டும் ஆட்டம் சிநேகபூர்வமாக இருந்தது. பாதி நேரத்துக்கு முதலே எங்களுக்கு ஒரு கோல் விழுந்துவிட்டது.

இடைவேளையில் அவன் ரீமோடு இருக்கவில்லை. தள்ளிப்போய் இருந்து பூட்ஸ் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, எனக்குக் காணும். வேறு ஆளை விடச் சொல்லுங்கோ."

"வேறை ஆள் இல்லை நிலவன்."

"நான் நின்றாலும் இல்லாத மாதிரித்தானே."

ஸ்பெயினும் நண்பர்களும் அவன் கண்ணில் தெரிந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது பாருங்கள், அப்படியொரு கோபம்! நேரே அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, இவங்களிட்டை ஆர் சொன்னது?"

அவர் வானத்தைப் பார்த்தார். மழைக்குணம் ஒன்றும் இல்லை.

"நான்தான் ஐயரிட்டை... பாத்துக்கொள்ளச் சொல்லி..."

"அதுதானோ அந்தப் பாத்துக்கொள்ளுறது? என்ரை பிள்ளையை நீர் கோயில் சிலையாக்கிப் போட்டீர் அண்ணை!"

எப்போதும் 'நீங்கள்' என்கிற அண்ணையை ஒரு படி இறக்கி 'நீர்' என்று சொன்னது அதுதான் முதல் தரம். அவருக்கும் அது விளங்கியது. நான் அங்கே நிற்கவில்லை. மைதானத்தைக் குறுக்கறுத்து மற்ற கோல் கம்பத்தடிக்குப் போனேன். சனம் பார்க்கிறது, பார்க்கட்டும். ஐயர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் கோட்டுக்கு வெளியே நின்றேன், அவரும் வெளியே வந்தார்.

"ஐயா, ஒரு உதவி."

"சொல்லுங்கோ அக்கா."

"எங்கடை பிள்ளையை ஒருக்கா விழுத்திவிடச் சொல்லுங்கோ."

அவர் குடித்த தண்ணீர் புரைக்கேறிவிட்டது. "என்னக்கா சொல்லுறியள்? வெளிநாட்டுப் பிள்ளை, பாவமெல்லே?"

"பாவம் என்ரை தலையிலை வரட்டும். மற்றப் பொடியளை என்னெண்டு விழுத்துவியளோ அப்பிடி. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

அவர் என்னை ஒருகணம் பார்த்தார். அந்தப் பார்வையில் பகிடி இருக்கவில்லை. "விளங்குதக்கா" என்றார். திரும்பித் தன் பெக் பொடியனைக் கூப்பிட்டுக் காதில் என்னவோ சொன்னார். அந்தப் பெக்கைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. நெல்லு மூட்டைக்குக் கால் முளைத்த மாதிரி ஒரு பொடியன். அவனைக் கிட்டத்தில் பார்த்தபோது, பெற்ற வயிறு அல்லவா, ஓடிப்போய் வேண்டாம் என்று சொல்வோமா என்றும் ஒரு கணம் நினைத்தேன்.

நான் திரும்பி வந்தபோது நிலவன் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். அண்ணை அவன் பக்கத்தில் குந்தியிருந்தார். என்ன சொன்னாரோ தெரியாது. எழும்பி உள்ளே போனான்.

ஐந்து நிமிசம் ஆகியிருக்காது. பந்து நிலவனிடம் வந்தது. அவன் வழக்கம்போல ஒதுங்குவார்கள் என்ற நினைப்பில் மெதுவாக ஓடினான். நெல்லு மூட்டை ஒதுங்கவில்லை. வந்து மோதிய வேகத்தில் என் பிள்ளை மேலே எழும்பி, பக்கவாட்டில் விழுந்து, இரண்டு தரம் உருண்டு, முகம் மண்ணில் பதியக் கிடந்தான். அசையவில்லை அவன். அம்மாளாச்சி, நானே கேட்டு வாங்கினேனே, இவன் தகப்பனுக்கு என்ன சொல்லுவேன்! எழும்பி ஓட வெளிக்கிட்டேன். நயினாதீவு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா.

நிலவன் கையூன்றி எழும்பினான். வாயிலிருந்த மண்ணைத் துப்பினான். முழங்காலில் இரத்தம். நெல்லு மூட்டையின் நெஞ்சுக்கு நேரே போய் நின்று, தீவு முழுக்கக் கேட்கக் கத்தினான்.

"டேய்! கண் தெரியேல்லையாடா உனக்கு?"

என் குரல்! என் ராகம்! சலவை அறையில் நான் கத்துகிற அதே இழுப்பு, ஒரு எழுத்துப் பிசகவில்லை. மைதானத்தில் 'ஓ' என்று ஒரு சத்தம் எழும்பியது. பொடியள் கை தட்டினார்கள், விசிலடித்தார்கள். நெல்லு மூட்டைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தெரியுதடா. பந்தை வைச்சுக்கொண்டு நித்திரை கொண்டால் விழத்தானே வேணும்" என்று கையை நீட்டினான். நிலவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். அவனைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல எனக்கு இருந்தது, இரண்டு பேரையும்தான்.

அதற்குப் பிறகுதான் ஆட்டம் நடந்தது. "டேய் தாங்கோ, இஞ்சாலை ஓடடா!" என்று கஜன் கத்தினான். பட்டம் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. "விடடா, விடு!" என்று இவன் பதிலுக்குக் கத்தினான். விழுந்தான், எழும்பினான், ஒருவனை விழுத்தினான், மன்னிப்புக் கேட்க மறந்துபோனான். வெய்யில் சரிந்து, பூவரசு நிழல் மைதானத்தின் மேல் நீளமாக விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் எங்களுக்கு, மூலையிலிருந்து அடிக்கிற கோணர் ஒன்று கிடைத்தது. கஜன் அடித்தான். ஐயர் பாய்ந்து வெளியே வந்தார், கை எட்டவில்லை. பந்து விழுந்தது நிலவனின் காலடியில். முன்னால் வெறும் கோல். ஆளில்லை, பேரில்லை. என் வீட்டுப் பூனையும் அடிக்கும்.

அவன் அடித்தான். பந்து கல்லில் பட்டுத் துள்ளிய நேரம் அடித்தான் போலிருக்கிறது. கம்பத்துக்கு மேலால் போய், பனைக்கு மேலால் போய், யாருடைய வளவுக்குள்ளோ விழுந்தது. நாய் குரைத்தது.

"டேய் விசரா!" கஜன் தலையில் கையை வைத்தான். "என்னடா அடிக்கிறாய்? அதை என்ரை அம்மம்மா அடிப்பாளடா!" எங்கள் கோலி அந்த முனையிலிருந்து ஓடிவந்து ஏசினான். எல்லாரையும்விட அண்ணைதான். மருமகன், வெளிநாட்டுப் பிள்ளை, நீங்கள், எல்லாம் காற்றில் போயிற்று. "எருமை மாடே! கண்ணை மூடிக்கொண்டு தட்டியிருக்கலாமேடா, எருமை!" நானும் விடவில்லை. இரசிகை என்றால் இரசிகைதான். எழும்பி நின்று, இங்கே எழுதமுடியாத ஒன்றைச் சொல்லித் திட்டினேன். இறங்குதுறையில் ஹோர்ன் அடித்தது. ஒன்றுக்குப் பூச்சியம். தோற்றுவிட்டோம்.

என் மகன் நடு மைதானத்தில் இடுப்பில் கைவைத்து நின்றான். சுற்றி நின்று பத்துப் பேர் அவனை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார்கள். அவன் வாய் காதுவரைக்கும் இருந்தது.

5

படகில் அவன் என் பக்கத்தில் இருக்கவில்லை. பொடியளோடு பின்பக்கத்தில் இருந்து, கல்லில் பட்டதா படவில்லையா என்று சத்தமாகச் சண்டை பிடித்துக்கொண்டு வந்தான். கஜன் பந்தைக் கையில் வைத்து, விழுந்த விதத்தை நடித்துக் காட்டினான். இவன் தன்னுடைய ஜெர்மன் தமிழில் துள்ளலுக்கு விளக்கம் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை.

கோயிலுக்குப் போன நாள் என்றபடியால் அன்றைக்கு மச்சாள் மரக்கறிதான் சமைத்திருந்தா. கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கையிலை வறையும். குசினிக்கு வெளியே பாய் போட்டு நாலு பேரும் இருந்தோம். நிலவன் முழங்காலில் மருந்து போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் அள்ளிச் சாப்பிட்டான். தட்டு வெறுமையானதும் அண்ணையைப் பார்த்து நீட்டினான்.

"மாமா, இன்னும் கொஞ்சம் சோறு போடடா."

மச்சாளின் அகப்பை அந்தரத்தில் நின்றது. அண்ணை அவனை ஒருதரம் பார்த்தார். பிறகு வந்தது ஒரு சிரிப்பு. தோள் குலுங்கி, கண்ணில் நீர் வந்து, பாயில் சரிந்து சிரித்தார்.

நிலவன் எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தான். "பிழையா அம்மா?"

"பிழைதான் அப்பன். மாமாவுக்கு அப்பிடிச் சொல்லக்..."

"நீ வாயை மூடு" என்றார் அண்ணை என்னைப் பார்த்து. "உன்ரை மரியாதையை உன்ரை சலவை அறையிலை கொண்டுபோய் வை. இவ்வளவு நாளும் இவன் என்னை மாமா வாங்கோ, மாமா இருங்கோ எண்டு வந்த விருந்தாளி மாதிரிக் கதைச்சவன். இண்டைக்குத்தான் இவன் இந்த வீட்டுப் பிள்ளை." கண்ணைத் துடைத்துக்கொண்டு அகப்பையை வாங்கினார். "போடுறனடா, போடுறன். ஆனா ஒண்டு. வெறும் கோலுக்கு அடிக்கத் தெரியாதவனுக்கு ரெண்டாந்தரம் சோறு குடுக்கிற வழக்கம் இஞ்சை இல்லை."

"அங்கே கல்லு இருந்தது மாமா."

"கல்லு எல்லாருக்கும்தான் கிடந்தது."

"அது புல்லில் என்றால் போயிருக்கும். வாற வருசம் அதே இடத்தில் நின்று நான் அடிக்கிறேன். நீங்கள் பாருங்கோ." அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, பிழையைத் திருத்துகிற கவனத்தோடு சொன்னான். "பாரடா."

அண்ணை திரும்பவும் சிரித்துச் சரிந்தார். மச்சாளும் சிரித்தா. வாற வருசம் என்று தான் சொன்னதை அவன் கவனிக்கவே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய்க் கிடந்தது. ஏதாவது கேட்டால் அவனுக்கு ஸ்பெயின் ஞாபகம் வந்துவிடுமோ என்ற பயத்தில், வாயைத் திறக்காமல் அவனுடைய தட்டில் இன்னும் கொஞ்சம் வறை வைத்தேன்.